பிலிப்பைன்ஸ் பன்றிக்கறி அடோபோ: முதல்முறை சமைப்பவர்களுக்கு

அடோபோவுக்கு மசாலா அரைக்க வேண்டியதில்லை. வெங்காயம், தக்காளி, இஞ்சி, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். பன்றிக்கறி, வினிகர், சோயா சாஸ், பூண்டு, முழு மிளகு, இரண்டு மூன்று இலை, அவ்வளவுதான். பட்டியலைப் பார்த்தால் இதில் என்ன ருசி வந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றும். குழம்பு வைத்துப் பழகிய கை, பாதி வழியில் கொஞ்சம் மல்லித்தூளாவது தூவலாமே என்று துடிக்கும். தூவிவிடாதீர்கள். வினிகரை எப்படிக் கொதிக்க விடுகிறோம், மூடியை எப்போது போடுகிறோம், கடைசியில் எந்த அளவுக்குச் சுண்ட வைக்கிறோம் என்ற மூன்றிலும்தான் அடோபோவின் ருசி முழுக்க இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் அடோபோ ஒரு சமையல் முறையின் பெயர். கோழி, கணவாய், கங்குங் கீரை, காராமணிக்காய் என்று எதை வேண்டுமானாலும் அடோபோ வைப்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் கறியையும் மீனையும் வினிகரிலும் உப்பிலும் வேகவைக்கும் வழக்கம் இருந்தது. வெக்கையில் சீக்கிரம் கெட்டுப்போகாது என்பது ஒரு காரணம். வந்தவர்கள் தங்கள் ஊரில் கறியை ஊறவைக்கும் முறைக்கு என்ன பெயரோ அதையே இதற்கும் வைத்துவிட்டார்கள். 1613-இல் அச்சான தகலாகு மொழி அகராதியிலேயே ‘உள்ளூர்க்காரர்களின் அடோபோ’ என்று ஒரு பதிவு இருக்கிறது. சோயா சாஸ் சீன வணிகர்களால் வந்து சேர்ந்தது. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் இதே பெயரில் ஒரு சிவந்த மிளகாய் விழுது உண்டு. அதற்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு கிடையாது. கடையில் டப்பாவைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

வீட்டுக்கு வீடு அளவு மாறும். 2021-இல் பிலிப்பைன்ஸின் வணிக, தொழில் துறை அடோபோவுக்கு ஒரு தர அளவு வகுக்கப் போவதாகச் சொன்னதும் ஊரே கொதித்துப் போனது. எங்கள் பாட்டி வைக்கும் அடோபோவை அரசாங்கம் அளந்து சொல்லுமா என்று கேலியும் கோபமுமாகப் பேசினார்கள். கட்டாயம் எதுவும் இல்லை, வெளிநாடுகளில் அறிமுகப்படுத்த ஒரு அடிப்படைச் செய்முறைதான் என்று துறை விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே கீழே இருப்பதும் ஒரு வீட்டு அளவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அப்படியே செய்யுங்கள். அப்புறம் உங்கள் நாக்குக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

கறி வாங்கும்போது

நான்கைந்து பேருக்கு 1 கிலோ போதும். பிலிப்பைன்ஸ் வீடுகளில் அதிகம் எடுப்பது லியெம்போ எனப்படும் வயிற்றுப் பகுதி. தோல், கொழுப்பு, சதை, மறுபடி கொழுப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். கொழுப்பு குறைவாக வேண்டும் என்பவர்கள் காசிம் எனப்படும் முன்னங்கால் சப்பையை வாங்குவார்கள். இரண்டும் பாதிக்குப் பாதி எடுப்பதுதான் எனக்குப் பிடித்தது. முழுக்க வயிற்றுக்கறி போட்டால் மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதக்கும். முழுக்கச் சப்பை என்றால் சாறு நீர்த்தே இருக்கும். பின்தொடைக் கறியை விட்டுவிடுங்கள்; கொழுப்பு இல்லாததால் வெந்த பிறகு நார் நாராக வறண்டுவிடும்.

தோலை உரிக்கச் சொல்லாதீர்கள். மெல்லிய தீயில் நெடுநேரம் கிடக்கும்போது தோலிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும். சாப்பிடும்போது உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பு அதனால் வருவது. மாவு, சோளமாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே சாறு கெட்டிப்படுவதும் அதனால்தான். தோலில் முடி இருந்தால் அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்து வாட்டி, கத்தியால் சுரண்டிக் கழுவுங்கள்.

துண்டு பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. அளவு. கறிக்கடையில் ஒன்றும் சொல்லாவிட்டால் வறுவலுக்கு வெட்டுவதுபோல் பொடிப்பொடியாக வெட்டித் தள்ளிவிடுவார்கள். அது ஒரு மணி நேரம் வெந்தால் தூளாகிவிடும். கத்தியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பன்றிக்கறி என்றால் சிலருக்கு நாடாப்புழுப் பயம் உண்டு. இவ்வளவு நேரம் கொதியில் கிடக்கும் கறியில் அது பிழைக்க வழியில்லை. பச்சைக்கறி பட்ட கத்தி, பலகை, கை இவற்றில் மட்டும் கவனம் வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறு எதையும் தொடுங்கள்.

வினிகர்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிலிப்பைன்ஸில் வினிகர் என்றால் ஒரே ஒரு பாட்டில் கிடையாது. வடக்கே இலோகோஸ் பகுதியில் கரும்புச்சாற்றைப் புளிக்க வைத்து எடுப்பார்கள்; கருத்து, லேசாக இனித்துக் கிடக்கும். மணிலாவுக்குப் பக்கத்தில் புலகான் மாகாணத்தில் உள்ள பவோம்போங், நிப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் சாற்றில் செய்யும் வினிகருக்குப் பேர்போன ஊர். விசாயா தீவுகளில் தென்னங்கள்ளைப் புளிக்க விடுவார்கள். நகரத்து அடுக்களைகளில் டத்து புட்டி போன்ற பிராண்டுகளின் வெள்ளைக் கரும்பு வினிகர் பாட்டில் நிற்கும். இவை எல்லாமே புளிக்க வைத்து எடுத்தவை. அதனால் புளிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய வாசம் இருக்கும்.

நம் ஊர் மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் செயற்கை. அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. பாட்டிலின் மேலேயே சிந்தெடிக் என்று எழுதியிருக்கும், திருப்பிப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் அதிலும் செய்யலாம். அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெறும் புளிப்புதான் மிஞ்சும், வாசம் கிடைக்காது. தேடிப் பிடித்தாவது தேங்காய் வினிகர் வாங்குவது நல்லது. இலங்கைக்காரர்கள் தென்னங்கள்ளில் எடுக்கும் வினாகிரி விசாயா வினிகருக்கு மிக நெருக்கமானது. இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கும் ஊர்களில் சுலபமாகக் கிடைக்கும். கோவாவிலும் கேரளாவிலும் இதே வகை உண்டு. சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள லக்கி பிளாசாவுக்குப் போனால் பிலிப்பைன்ஸ் சரக்கே வாங்கிவிடலாம். இவை எதுவும் இல்லையென்றால் ஆப்பிள் சைடர் வினிகர் பரவாயில்லை.

எலுமிச்சையும் புளியும் மட்டும் வேண்டாம். பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் புளி தெரியாமல் இல்லை. அதைப் போட்டுச் செய்ய சினிகாங் என்று தனியாக ஒரு புளிச்சாறு வைத்திருக்கிறார்கள்.

மற்ற சாமான்கள்

சோயா சாஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் சோயா சாஸ் தண்ணீராக, நல்ல உப்பாக இருக்கும். இந்தியக் கடைகளில் ‘டார்க்’ என்று விற்பது கெட்டியாக, கேரமல் நிறம் ஏற்றியதாக இருக்கும். அதை அதே அளவில் ஊற்றினால் கறி தார் மாதிரி கறுத்துவிடும். ‘லைட்’ சோயா சாஸ் வாங்குங்கள். நிறம் போதவில்லை என்று தோன்றினால் ஒரு டீஸ்பூன் டார்க் சேர்த்தால் போதும்.

இலை விஷயத்திலும் இதே கதைதான். அவர்கள் போடுவது லாரல் இலை. நாம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை வேறு மரத்தினுடையது, பட்டை குடும்பம். கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். பிரிஞ்சி இலையில் மூன்று நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை நெடுக ஓடும். லாரலில் நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து கிளை பிரியும். பிரிஞ்சி இலை மூன்று போட்டால் அடோபோ பட்டை வாசம் அடித்துக் குருமா பக்கம் சாய்ந்துவிடும். லாரல் கிடைக்காவிட்டால் பிரிஞ்சி இலை ஒன்றே ஒன்று போடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள்.

1 கிலோ கறிக்கு அளவு இது. வினிகர் 120 மி.லி., அதாவது அரை கப். சோயா சாஸ் 80 மி.லி., மூன்றில் ஒரு பங்கு கப். தண்ணீர் 300 மி.லி. பெரிய பூண்டு ஒன்று முழுதாக, பல் உரித்து. சின்ன நாட்டுப்பூண்டாக இருந்தால் இரண்டு. முழு மிளகு ஒரு டீஸ்பூன், அதில் பாதியை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். லாரல் இலை 3. எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, அதுவும் கடைசியில் தேவைப்பட்டால். நாட்டுச் சர்க்கரை ஒரு டீஸ்பூன் உங்கள் விருப்பம். சர்க்கரை சேர்க்கலாமா கூடாதா என்று பிலிப்பைன்ஸ் குடும்பங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. உப்பு பட்டியலில் இல்லை, மறந்துபோய் விடவில்லை. சாறு சுண்டச் சுண்ட சோயா சாஸின் உப்பே ஏறிக்கொண்டு போகும்.

பாத்திரம் எவர்சில்வரோ எனாமலோ மண்சட்டியோ இருக்கட்டும். அங்கே பழைய வீடுகளில் பலாயோக் என்னும் மண்பானையில்தான் வைப்பார்கள். அலுமினியப் பாத்திரமும் நன்றாகப் பழகாத இரும்புச் சட்டியும் கூடாது. வினிகர் அவற்றை அரித்து, சாற்றில் ஒரு உலோக வாடை ஏற்றிவிடும். அடி கனமாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சமைக்கத் தொடங்கலாம்

முதலில் ஊறல். கறித் துண்டுகளைத் துடைத்து, சோயா சாஸ், நசுக்கிய பூண்டு, மிளகு, இலை எல்லாவற்றையும் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். வினிகரை இப்போது ஊற்றாதீர்கள். இரவு முழுக்க வினிகரில் ஊறவைக்கச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. நான் அதற்கு எதிர்க்கட்சி. இவ்வளவு பெரிய துண்டுக்குள் வினிகர் ஆழமாக இறங்காது. வெளிப்பக்கச் சதையை மட்டும் வெளுக்க வைத்து மாவு போலாக்கிவிடும். நேரமே இல்லையென்றால் ஊறவைக்காமலே அடுப்பில் ஏற்றினாலும் குடிமுழுகிப் போகாது.

அடுத்து கறியையும் ஊறிய சாற்றையும் பாத்திரத்தில் கொட்டி, 300 மி.லி. தண்ணீரும் வினிகரும் ஊற்றி, தீயைக் கூட்டி வையுங்கள். மூடி போட வேண்டாம். கரண்டியும் போட வேண்டாம். வினிகர் ஊற்றிய பிறகு நன்றாகக் கொதித்து அடங்கும்வரை கலக்கக் கூடாது என்பது பிலிப்பைன்ஸ் அடுக்களையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விதி. கலக்கினால் வினிகர் பச்சையாகவே நின்றுவிடும் என்பார்கள். கலக்கும்போது கொதி அடங்கிப்போகும் என்பது கண்ணால் பார்க்கிற விஷயம்தான். அதைவிட முக்கியம் மூடி திறந்திருப்பது. மூக்கில் ஏறும் நெடி ஆவியோடு போய்விட வேண்டும். மூடிவிட்டால் அது மூடியில் பட்டு மறுபடி சட்டிக்குள்ளேயே சொட்டும்.

கொதி வந்ததும் முதல் ஐந்து நிமிடம் சட்டிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கண் எரியும், இருமல் வரும். ஜன்னலைத் திறந்து வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆனதும் ஆவியைக் கையால் உங்கள் பக்கம் தள்ளி முகர்ந்து பாருங்கள். ஆரம்பத்தில் சுருக்கென்று குத்திய வாடை போய், பூண்டும் இலையும் மணக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் குத்தினால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம்.

இதற்குள் சாம்பல் நிற நுரை ஓரமாக ஒதுங்கியிருக்கும். அதைக் கரண்டியால் மேலாக எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு குமிழி மேலே வந்து உடைந்தால் அதுதான் சரியான தீ. பெருந்தீயில் வைத்தால் சதை இறுகி, சாறும் சீக்கிரம் வற்றிப்போகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை துண்டுகளைப் புரட்டி விடுங்கள். தண்ணீர் குறைந்தால் கொதித்த தண்ணீர் அரை டம்ளர் சேர்க்கலாம்.

வயிற்றுக்கறி 50 நிமிடத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். பன்றியின் வயதைப் பொறுத்து இது முன்னே பின்னே ஆகும். முள்கரண்டியைத் தோல் பக்கமாகக் குத்திப் பாருங்கள். சதை எப்போதும் முதலில் வெந்துவிடும், தோல்தான் கடைசி. முள் தோலைத் தடையில்லாமல் துளைத்துக்கொண்டு போனால் வெந்துவிட்டது. ரப்பர் மாதிரி திருப்பித் தள்ளினால் இன்னும் கால் மணி நேரம்.

குக்கர் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அந்த முதல் பத்து நிமிடத் திறந்த கொதி முடிந்த பிறகு. நேராக வினிகரோடு குக்கரை மூடினால் நெடி முழுக்க உள்ளேயே அடைபட்டு, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். திறந்து கொதிக்கவிட்டு, பிறகு மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் வையுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். குக்கரில் சாறு வற்றாது என்பதால் கடைசிக் கட்டத்துக்குக் கூடுதல் நேரம் ஆகும். அலுமினியக் குக்கர் வேண்டாம், எவர்சில்வர் குக்கராக இருக்கட்டும்.

வறுத்தலும் சுண்ட வைத்தலும்

வெந்த கறியைச் சாற்றோடு அப்படியே பரிமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பாதி அடோபோ.

துண்டுகளை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வைத்து, ஈரம் காய ஐந்து நிமிடம் விடுங்கள். சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை இரண்டு மூன்று கரண்டி வழித்து ஒரு வாணலியில் ஊற்றிச் சூடாக்குங்கள். கொழுப்பு போதவில்லை என்றால் மட்டும் அந்த ஒரு கரண்டி எண்ணெய். துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். இங்கே ஜாக்கிரதை. தோலுக்குள் இருக்கும் ஈரம் படார் படாரென்று வெடித்து எண்ணெயைத் தெறிக்க விடும். வாணலி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். வெந்த கறி என்பதால் சும்மா சும்மா புரட்டினால் உடைந்துவிடும். ஒரு பக்கம் செம்பழுப்பாக முறுகிய பிறகு, மெதுவாக அடியில் கரண்டியை விட்டுத் திருப்புங்கள். இரண்டு பக்கம் முறுகினால் போதும்.

கறியை முதலில் வறுத்துவிட்டுப் பிறகு வேகவைப்பதும் ஒரு முறை. அதில் வேலை குறைவு. ஆனால் ஒரு மணி நேரம் சாற்றில் கிடந்த பிறகு அந்த முறுகல் ஊறிப்போய்விடும், மணம் மட்டும் சாற்றில் தங்கும். கடைசியில் வறுத்தால் விளிம்பு முறுகலாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும்.

வறுபட்ட துண்டுகளின் மேல் மீதச் சாற்றை ஊற்றுங்கள். சாற்றில் வெந்து குழைந்த பூண்டுப் பற்களைக் கரண்டியின் முதுகால் நசுக்கி விடுங்கள். வாணலி அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிக் கரைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரத் தீயில், மூடாமல், சுண்ட விடுங்கள். முதலில் சாறு கலங்கலாக, சலசலவென்று கொதிக்கும். ஏழெட்டு நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, சத்தம் மாறி, பொரிவது போலக் கேட்கும். அப்போது குனிந்து பாருங்கள். ஓரத்தில் தெளிந்த கொழுப்பு தனியாக ஒதுங்கியிருக்கும், நடுவில் பழுப்புச் சாறு பளபளவென்று துண்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்பில் எண்ணெய் பிரிந்து வரும் என்போமே, அதே பதம். பிலிப்பைன்ஸிலும் இதற்காகத்தான் காத்திருப்பார்கள். சோறு பிசைய கொஞ்சம் சாறு வேண்டும் என்றால் இதற்கு ஓரிரு நிமிடம் முன்பே இறக்கிவிடலாம்.

சர்க்கரை போடுவதானால் இந்தக் கட்டத்தில் போடுங்கள். முன்னால் போட்டால் வறுக்கும்போது அடிப்பிடிக்கும். அவித்து உரித்த முட்டைகளையும் இப்போது சேர்க்கலாம். சாற்றில் உருட்டி உருட்டி விட்டால் வெள்ளைக்கரு டீ நிறத்துக்கு வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முட்டைதான் முதலில் காலியாகும்.

இறக்குவதற்கு முன்னால் ருசி பாருங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மறுபடி சுண்ட விடுங்கள், அரை டீஸ்பூன் சர்க்கரையும் உதவும். உப்புக் கரித்தால் சுண்டவைப்பதை உடனே நிறுத்திக் கொதிநீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே கரித்தால் அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க விட்டுவிடுங்கள். சமாளிப்பு என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் பிக்கோல் பகுதியில் அடோபோவைத் தேங்காய்ப்பாலில்தான் வைக்கிறார்கள், காந்தாரி போன்ற சின்ன மிளகாயும் கிள்ளிப் போட்டு.

வேறு சில வீட்டு வழிகள்

அடிப்படை கைக்கு வந்த பிறகு இவற்றை முயற்சி செய்யலாம். சோயா சாஸே இல்லாமல் வினிகர், உப்பு, பூண்டு, மிளகு மட்டும் போட்டு வைப்பது வெள்ளை அடோபோ. சீனர்களின் சோயா சாஸ் வந்து சேர்வதற்கு முந்தைய முறைக்கு இதுதான் நெருக்கமானது என்று சொல்வார்கள். உப்பு அளவைக் கணக்குப் பண்ணிப் போட வேண்டும் என்பதால் முதல் முறைக்கு இது வேண்டாம். பத்தங்காஸ் மாகாணத்தில் சோயா சாஸுக்குப் பதில் மஞ்சள் போடுகிறார்கள். பசுமஞ்சளைத் தட்டிப் போட்டு, தட்டு நிறைய மஞ்சள் நிறமாக வரும். நம் கண்ணுக்குப் பழகிய நிறம், நாக்குக்குப் புதிய ருசி.

விசாயா தீவுகளிலும் மிண்டனாவோவிலும் வைக்கும் ஹும்பா அடோபோவின் ஒன்றுவிட்ட சகோதரன். வயிற்றுக்கறியையோ கால் பகுதியையோ சோயா சாஸ், வினிகரோடு நிறையப் பழுப்புச் சர்க்கரை, புளிக்க வைத்த கறுப்பு சோயா மொச்சை, உலர்ந்த வாழைப்பூ இதழ்கள் எல்லாம் போட்டு மெதுவாக வேகவைப்பார்கள். சில வீடுகளில் வேர்க்கடலையும் சேரும். இனிப்பும் உப்பும் கலந்து, அடோபோவைவிட நெகிழ்ந்து, கரண்டி பட்டாலே சரியும். தென்சீனாவின் பன்றிக்கறிக் கொதிப்பு முறையிலிருந்து வந்தது. இனிப்புக் கறி பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கறி சாப்பிடாதவர் வீட்டில் இருந்தால் இதே வினிகர், சோயா சாஸ், பூண்டில் கங்குங் கீரையைச் செய்து கொடுக்கலாம். பூண்டை முறுக வறுத்து, தண்டை முதலில், இலையைப் பிறகு போட்டு வதக்கி, சாற்றை ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். அஞ்சு நிமிட வேலை.

பரிமாறுவதும் மிச்சம் வைப்பதும்

பக்கத்தில் சூடான வெள்ளைச் சோறு போதும். கூட்டு, ரசம் என்று எதையும் சேர்க்க வேண்டாம். சாறு உப்பும் புளிப்புமாகக் கெட்டியாக இருப்பதால், சோற்றின் மேல் ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள். அங்கே கூடவே அச்சாரா எனப்படும் பச்சைப் பப்பாளித் துருவல் ஊறுகாய் வைப்பார்கள்; இனிப்பும் புளிப்புமாக, கொழுப்பின் திகட்டலை எடுத்துவிடும். அது இல்லாவிட்டால் தக்காளியும் வெங்காயமும் நறுக்கி வைத்தால் சரி.

இன்னொன்று, சமைத்த அன்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். புளிப்பு அடங்கி, பூண்டும் சோயாவும் சதைக்குள் இறங்கியிருக்கும். பழைய நாட்களில் வினிகரும் உப்பும் காப்பாற்றும் என்று வெளியிலேயே வைத்திருந்தார்கள். நாம் அந்தத் துணிச்சலுக்குப் போக வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். குளிர்ந்ததும் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும், அடியில் சாறு அல்வாப் பதத்தில் நிற்கும். கொழுப்பு அதிகம் என்று கவலைப்படுபவர்கள் இந்த நேரத்தில் அதைத் தகடாகப் பெயர்த்து எடுத்துவிடலாம். எறிந்துவிட வேண்டாம், தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொழுப்பில்தான் மறுநாள் காலைச் சாப்பாடு. இரண்டு கரண்டி உருக்கி, பொடியாக நறுக்கிய பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்துப் பாதியை எடுத்து வைத்துவிட்டு, முந்தைய நாள் சோற்றை உதிர்த்துப் போட்டு, அதிகம் குழையாமல் கிளறுங்கள். மிச்சக் கறியைக் கையால் பிய்த்துத் தனியாக மொறுமொறுவென்று வறுத்து மேலே தூவி, ஒரு பொரித்த முட்டையை வைத்து, எடுத்து வைத்த பூண்டையும் போடுங்கள். சோறு நேற்றையதாக இருக்க வேண்டும், அதையும் ஃபிரிட்ஜில் வைத்திருந்து எடுக்க வேண்டும். சூடான புதுச் சோற்றில் செய்தால் ஒட்டிக்கொண்டு பொங்கலாகிவிடும்.